கவிழ்த்த பெட்டி

அம்மா எங்களுக்கு ஓர் ஓலைத்தொப்பி இழைத்து அனுப்பியிருந்தா. 2019ஆம் ஆண்டு, கலியாணவீடு ஒன்றுக்காக ஊருக்குப் போய்வந்த சொந்தக்காரர் ஒருவரின் சூட்கேசில் அது வந்து சேர்ந்தது. ஒடியல் பாசலும் மிளகாய்த்தூள் பாசலும் அதற்கு மேலே ஏறியிருந்தன. எடுத்துப் பார்த்தபோது தொப்பி என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. சப்பளிந்துபோன ஓலைத் தட்டு ஒன்றுதான் கையில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ரெலிபோனில் கேட்டா.

"தொப்பி அளவோ பிள்ளையள்?"

"ஓமம்மா. நல்ல அளவு."

"ஆர் போடுறது?"

"மாறி மாறிப் போடுறம்."

"ஒரு படம் எடுத்து அனுப்புங்கோவன்."

"அனுப்புறம் அம்மா."

அனுப்பவில்லை. நிமிர்த்திப்போட்டு அனுப்பலாம் என்று நினைத்தோம். ஒரு லீவு வரட்டும் என்று நினைத்தோம். லீவு வந்த நாட்களில் படுத்துத் தூங்கினோம். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் படத்தைக் கேட்டா. பிறகு இடைக்கிடை கேட்டா. பிறகு கேட்பதை விட்டுவிட்டா. 2021 ஆனியில் காலமானா. செத்தவீட்டை அக்கா பிடித்துக் காட்டிய கைத்தொலைபேசியில் பார்த்தோம். தப்பிவந்த நாட்டுக்கே திரும்பிப் போனால் அகதி அந்தஸ்து கேள்விக்குரியதாகிவிடும் என்பதால் போகவில்லை. இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு இது தெரிந்த கதை. நீட்டத் தேவையில்லை.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். சன்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டேலி சிற்றியில், வீடொன்றின் கராஜுக்குப் பின்னாலுள்ள அறையில் அப்போது இருந்தோம். பசிபிக் கடலிலிருந்து கிளம்பிவரும் புகார் இங்கே ஆடி ஆவணியில்தான் கடுமை. ஊரில் சோளகம் புழுதியை வாரி அடிக்கிற மாதத்தில் நாங்கள் சுவெற்றர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவோம். வேலை ஓர் இந்திய றெஸ்ரோறன்ற்றின் குசினியில். மூத்தவன் தந்தூர் அடுப்படியில் நிற்கிறான். இளையவன் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது வெங்காயம் வெட்டுகிற இடத்துக்கு உயர்ந்திருக்கிறான். பகல் பதினொரு மணிக்கு உள்ளே போனால் இரவு பதினொரு மணிக்குத்தான் வெளியே வருவோம். எங்கள்மீது வெயில் படுவதற்கு வழியே இல்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. வீடியோவில் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெயிலுக்கை நிண்டு கறுத்துப்போனியள்" என்றா. அது அடுப்பு வெக்கை. மூத்தவன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன். விட்ட படிப்பை இங்கே தொடர்வதாகவும், மரங்களைப் பற்றிய ஆராய்ச்சி என்றும், அம்மாவின் மனம் ஆறட்டும் என்று ஒருநாள் சொல்லிவைத்தோம். வெளியில் நின்று மரம் பார்க்கிற பிள்ளைக்குத் தொப்பி வேண்டும் என்று அம்மா அன்றே முடிவு செய்திருக்கிறா. ஒரு பொய்யை நம்பி அம்மா தொப்பி இழைத்தா. தொப்பி வந்ததும் நாங்கள் இரண்டாவது பொய்யைச் சொன்னோம்.

அம்மா தொப்பி இழைத்துப் பழகியவ அல்ல. பெட்டி, கடகம், நீத்துப்பெட்டி, பாய் இவைதான் அவவின் கைக்குத் தெரிந்தவை. பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கிய காலத்திலிருந்தே ஓலை வேலையை விற்பனைச் சாமானாக்குகிற முயற்சிகள் யாழ்ப்பாணத்தில் நடந்துவருகின்றன. யுத்தம் முடிந்த பிறகு எங்கள் ஊரிலும் கைப்பணி வகுப்பு ஒன்று வைத்தார்கள். தொப்பியும் கைப்பையும் பழகினால் வெளிநாட்டுக்காரர் வாங்குவார்கள் என்றார்கள். அம்மா போகவில்லை. "எனக்கு ஓலை படிப்பிக்க ஒரு சின்னப் பெட்டை வந்திருக்கிறாள்" என்று சிரித்தா.

வடலியில் வெட்டின குருத்தோலையை விரித்துக் காயவைத்து, சத்தகத்தால் ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுப்பா. இழைக்கமுன் தண்ணீர் தெளித்து ஈரச்சீலையில் சுற்றி வைப்பா. காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும். சோளகக் காற்றில் மடியிலிருக்கும்போதே காய்ந்துவிடும். அதனால் விடியப்புறம் எழும்பி, பனி ஈரம் இருக்கும்போதே இழைப்பா.

இன்னுமோர் இடத்திலும் இழைத்திருக்கிறா. 1990க்கும் 1995க்கும் இடையில், விமானத்துக்குப் பயந்து வளவுக்கு வளவு பங்கர் வெட்டியிருந்தது. பனையைத் தறித்து, குற்றிகளைக் கூரையாக அடுக்கி, மேலே மண் மூட்டை போட்டது. விமானச் சத்தம் கேட்டதும் எங்களை இழுத்துக்கொண்டு ஓடுகிற அம்மா, ஓலைக்கட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவா. "இதுக்கை இருந்தால் ஓலை காயாது" என்பா. தலைக்கு மேலே பனை, அம்மாவின் மடியில் பனை. இடையில் நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தோம்.

2024 ஆடியில் டேலி சிற்றியிலேயே வேறோர் அறைக்கு மாறவேண்டி வந்தது. அலுமாரிக்கு மேலிருந்து பொலித்தீன் பை ஒன்று விழுந்தது. உள்ளே அது. எறியவும் முடியாது, மறுபடி மேலே வைக்கவும் முடியாது. நிமிர்த்துவது என்று முடிவெடுத்தோம்.

முதலில் சன்பிரான்சிஸ்கோவில் ஒரு தொப்பிக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார முதியவர் பொறுமையாகப் பார்த்தார். வைக்கோல் தொப்பி என்று பொதுவாகச் சொன்னாலும் பொருள் பலவிதம் என்றார். கோதுமை வைக்கோலைப் பின்னித் தைப்பது உண்டு. தென்னை, பனை இனத்து இலைகள் உண்டு. 'சாந்துங்' என்று இன்று விற்கிற பல தொப்பிகள் முறுக்கிய கடதாசி. எதில் செய்தது என்று தெரியாமல் தண்ணீரில் நனைக்கக்கூடாது. இலை தண்ணீரைத் தாங்கும், கடதாசி தாங்காது. விறைப்புக்காக அரக்கோ பசையோ பூசியிருப்பார்கள். ஆவி காட்டினால் அது இளகும். உடனே மரக்கட்டையில் ஏற்றி ஆறவிட்டால் வடிவம் திரும்பி வரும். வெயிலில் காயவைத்தால் உடையும். மேசையில் வைக்கும்போது விளிம்பில் நிறுத்தக்கூடாது, தலைகீழாக வைக்கவேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தொப்பியைத் திருப்பித் தந்தார். "இதில் பசை எதுவும் இல்லை. இலை மட்டும்தான். எனக்குப் பழக்கமில்லாத இலை. நான் தொட்டால் உடைந்துவிடும்" என்றார். காசு வாங்கவில்லை.

அவருடைய சுவரில் பனாமாத் தொப்பிகள் வரிசையாகத் தொங்கின. பனாமாத் தொப்பி பனாமாவில் செய்யப்படுவதல்ல, எக்குவடோரில் செய்யப்படுவது. அதன் தோக்கியாச் செடி பார்வைக்குப் பனைபோல இருந்தாலும் பனைக் குடும்பம் அல்ல என்று மூத்தவன் சொன்னான். 1849இல் பொன் தேடிக் கலிபோர்னியாவுக்கு விழுந்தடித்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் பனாமாவில் இறங்கி, கரை கடந்து, மறுபடி கப்பலேறி சன்பிரான்சிஸ்கோவுக்கு வந்தார்கள். வருகிற வழியில் வாங்கிய தொப்பிக்கு வழியின் பெயர் வந்தது. 1906இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் கால்வாய் வேலையைப் பார்க்கப் போய், அந்தத் தொப்பியோடு படத்தில் விழுந்தபோது பெயர் இன்னும் இறுகிவிட்டது. 2012இல் யுனெஸ்கோ அந்த இழைப்பு வேலையை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோதுதான் எக்குவடோரின் பெயர் முன்னுக்கு வந்தது. நாங்களும் 2014இல் எக்குவடோரில் இறங்கி, பனாமாவைக் கடந்துதான் இங்கே வந்து சேர்ந்தோம். பிறந்த இடத்தை விட்டுவிட்டு வந்த வழியைக் கொண்டு பெயர் வைக்கிற வழக்கம் எங்களுக்குப் புதிதல்ல.

அன்றிரவே தொடங்கினோம். மூத்தவனுக்கு விட்டுவந்த பாடம் கொஞ்சம் ஞாபகம் இருந்தது. இலை நாரின் விறைப்பை ஈரமும் சூடும் தளர்த்தும், ஈரம் வெளியேறும்போது எந்த நிலையில் பிடித்து வைத்திருக்கிறோமோ அந்த நிலையில் நார் இறுகும் என்று விளக்கினான். விடியப்புறம் எழும்பிய அம்மாவுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை.

கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் மெல்லமெல்லச் சுற்றிக் காட்டினோம். அறை முழுவதும் ஓலை மணத்தது. ஐந்து வருடமாக மிளகாய்த்தூளும் பொலித்தீனும் மணந்த சாமான், ஆவி பட்டதும் மழைக்கால வளவுபோல மணத்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு ஈரத்துவாயில் சுற்றி வைத்து, இளகியதும் சோறு காய்ச்சுகிற சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றினோம். தொப்பிக்காரர் காட்டிய கட்டைகள் எல்லாம் உருண்டையாகத்தான் இருந்தன.

தொப்பி சட்டியில் இருக்க மறுத்தது. ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் கிளம்பியது. நாலு இடங்களில் தசைபோலச் சுருக்கம் விழுந்தது. கயிற்றால் சுற்றி இறுக்கினோம். 'டிக்' என்று ஒரு சத்தம். விளிம்புக்குக் கிட்ட ஓர் இழை வெடித்திருந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தோம். இதையும் கெடுத்துவிட்டோம் என்றுதான் இருவரும் நினைத்தோம். சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்தநாள் தொப்பியை வேலைக்குக் கொண்டுபோனோம். எங்கள் குசினியில் பாதிப்பேர் மெக்ஸிக்கோவின் யுகற்றான் பக்கத்து மாயர்கள். சன்பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியிலும் வடக்கே சான் ரஃபேலிலும் அவர்கள் பெருந்தொகை. இந்த நகரத்தின் எந்த நாட்டுச் சாப்பாட்டுக் கடைக்குப் பின்கதவால் போனாலும் மாய பாஷை கேட்கலாம். அவர்களுக்கும் ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் வந்த மொழி, எங்களுக்கு ஆங்கிலம்போல. அவர்களில் மூத்தவர் ஒருவர், கோப்பை கழுவுகிற இடத்தில் நிற்பவர், கையைத் துடைத்துவிட்டுத் தொப்பியை வாங்கினார். தலையில் வைத்துப் பார்க்கவில்லை. கவிழ்த்துப் பிடித்து, உட்புறத்தை விரலால் தடவினார். நடுவிலிருந்து ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு போனார், திரும்பினார், இன்னோர் இழையைப் பிடித்தார்.

"சொம்பிரேரோ இல்லை" என்றார். "கனஸ்தா."

தொப்பி இல்லை. கூடை.

காட்டினார். தொப்பி இழைக்கிறவர்கள் உச்சியில் ஒரு புள்ளியில் தொடங்கி, சுற்றிச் சுற்றி இழை கூட்டிக்கொண்டு இறங்குவார்களாம். இது அப்படியில்லை. நடுவில் ஒரு சதுரம். சதுரத்தின் நாலு மூலையிலும் இழைகள் திரும்பி மேலே ஏறுகின்றன. விளிம்பு பிறகு தனியாக இழைத்துப் பொத்தியது. நாங்கள் சட்டியில் வைத்து அழுத்திய அந்த நாலு சுருக்கமும் நாலு மூலைகள். அம்மா வகுப்புக்குப் போகாமல், தனக்குத் தெரிந்த பெட்டியை இழைத்து, கவிழ்த்து, விளிம்பு வைத்து அனுப்பியிருக்கிறா. நாங்கள் அதை வெள்ளைக்காரனுடைய தலைக்கட்டைக்கு ஏற்ப உருட்டப் பார்த்தோம்.

அவருடைய மனைவியின் ஆட்கள் கம்பேச்சே மாநிலத்துப் பெக்கால் என்ற ஊராம். அங்கே 'ஹீப்பி' என்ற நாரில் தொப்பி இழைப்பது பரம்பரைத் தொழில். வளவுக்குள் சுண்ணக்கல்லை வெட்டிக் குகை செய்து, அதற்குள் இருந்து இழைப்பார்கள். வெளி வெக்கையில் நார் காய்ந்து முறியும், குகைக்குள் ஈரம் நிற்கும். இதைக் கேட்டபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் அம்மாவும் நிலத்துக்குக் கீழே இருந்து இழைத்தவதான் என்று சொன்னோம். "உங்கள் ஊரிலும் குகை வெட்டுவார்களா?" என்று கேட்டார். விமானம் வந்தபடியால் வெட்டினோம் என்றோம். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது மூத்தவனுக்கு 1995 ஐப்பசி ஞாபகம் வந்தது. முப்பதாம் திகதி, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற றோட்டில் அடி வைக்க இடமில்லை. மழை. அம்மாவின் தலையில் கடகம், கையில் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு கொத்து அரிசி. இளையவனுக்கு அப்போது ஐந்து வயது, நனைந்து நடுங்கினான். அம்மா நின்று, அரிசியைத் தாவணிச் சீலையில் கொட்டி முடிந்து, வெறும் பெட்டியை அவன் தலையில் கவிழ்த்துவிட்டா. "கழட்டாதை, சளி பிடிக்கும்" என்றா. பெட்டி அவனுடைய காதுவரை இறங்கியிருந்தது. இளையவனுக்கு இது ஞாபகமே இல்லை. பஸ்ஸில் வைத்துத்தான் முதல்முறை கேட்டான். மடியிலிருந்த தொப்பியை அதன்பிறகு மற்றவனிடம் கொடுக்கவில்லை.

அன்றிரவு சட்டியை எடுக்கவில்லை. தொப்பிக்குத் தண்ணீர் தெளித்து ஈரச்சீலையில் சுற்றி, அம்மா வைக்கிறமாதிரி இரண்டு மணித்தியாலம் விட்டோம். பிறகு பெட்டியை வைக்கிறமாதிரி, வாய் மேலே பார்க்க மேசையில் வைத்தோம். உள்ளே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை விரித்து, அதற்குள் அரிசியைக் கொட்டினோம். முதலில் ஒரு பேணி. விரலால் தள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு பேணி. அரிசி தானாக இடம் தேடிப் போனது. சுருங்கிக் கிடந்த முதல் மூலை மெல்ல வெளியே தள்ளியது. பிறகு எதிர்மூலை. சட்டி ஒரே வடிவத்தைக் கட்டாயப்படுத்தியது. அரிசி இழைப்பில் என்ன வடிவம் இருந்ததோ அதை நிரப்பிக்கொண்டு போனது. நாலாவது பேணியில் நாலு மூலையும் நின்றன. அரிசி கொட்டி வைக்கத்தானே அம்மாவின் கை அந்த வடிவத்தைப் பழகியது.

விளிம்பு தொங்காமல் இருக்க, நாலு பக்கமும் சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கித் தாங்கவைத்தோம். யன்னலைத் திறந்துவிட்டோம். புகார் உள்ளே வந்தது. வேறு இடமென்றால் ஓலை ஒரே நாளில் காய்ந்து வெடித்திருக்கும். டேலி சிற்றியில் நாலு நாள் எடுத்தது. ஈரத்தை உறிஞ்சிய அரிசியையும் துணியையும் நாளுக்கு ஒருமுறை மாற்றினோம். எடுத்த அரிசியைக் காய்ச்சிச் சாப்பிட்டோம், சோற்றில் ஓலை மணம் இருந்தது. ஐந்தாம் நாள் அரிசியைக் கொட்டிவிட்டுத் தூக்கியபோது, தொப்பி தன்பாட்டில் நின்றது.

எல்லாம் திரும்பி வரவில்லை. சூட்கேசில் மடிந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது, அது போகாது. நாங்கள் வெடிக்க வைத்த இழையும் அப்படியே இருக்கிறது. மாற்றிப்போட எங்களிடம் பனங்குருத்து இல்லை. வேறு ஓலையைச் செருக மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இளையவன் போட்டுக்கொண்டு யன்னலடியில் நின்றான். மூத்தவன் படம் எடுத்தான். ஐந்து வருடத்துக்கு முன் கேட்ட படம். அக்காவுக்கு அனுப்பினோம். உடனே எடுத்தா.

"உது பெட்டியெல்லோ" என்று சிரித்தா. பிறகு, "எப்பிடி நிமித்தினியள்? சப்பளிஞ்சு போச்செண்டு கொண்டுவந்தவர் அப்பவே அம்மாவுக்குச் சொன்னவர்" என்றா.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். பெடியளைக் கேட்டுக் கரைச்சல் குடுக்காதை எண்டு எனக்கும் சொன்னவ."

அம்மா கேட்பதை விட்டதற்கு நாங்கள் நினைத்த காரணம் மறதி. எழுபது வயதாகிவிட்டது, மறந்துவிட்டா என்று நிம்மதியாக இருந்தோம். அன்று அக்காவிடம் ஆராய்ச்சிப் படிப்பு எதுவும் இல்லை என்பதையும், பத்து வருடமாக ஒரே குசினியில் நிற்பதையும் சொல்லி முடித்தோம். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாப்பாடு அங்கையே தருவினமோ?" என்று மட்டும் கேட்டா.

தொப்பி இப்போது புது அறையில் யன்னலுக்குப் பக்கத்தில், வாய் மேலே பார்க்க இருக்கிறது. லீவு நாளில் கடற்கரைக்குப் போனால் யாராவது ஒருவர் போட்டுக்கொண்டு போவோம். அங்கே வெயில் இருக்காது, காற்றுத்தான் இருக்கும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும்.

தொப்பி அளவில்லை அம்மா. இரண்டு பேருக்கும் கொஞ்சம் பெரிது. காதுவரை இறங்குகிறது.